பெயரில் க்ளிப் இல்லை, காலில் இருக்கிறது: க்ளிப்லெஸ் பெடலின் கதை

இந்த எபிசோட் ஒரு பெயர்க் குழப்பத்துல இருந்து ஆரம்பிக்குது. சைக்கிள் பெடல்ல ஷூவை 'டக்'னு பூட்டிக்கிட்டு ஓட்டுறாங்களே, அந்தப் பெடலுக்குப் பெயர் க்ளிப்லெஸ். அதாவது, க்ளிப் இல்லாதது. ஆனா அதுல கால் மாட்டுறதை எல்லாரும் 'க்ளிப் இன்' பண்றதுன்னுதான் சொல்றாங்க. க்ளிப்பே இல்லைன்னா எதுல க்ளிப் இன் பண்றது?

சாஃப்ட்வேர்ல இருக்குறவங்களுக்கு இது பழகின பிரச்சினை. பழைய சிஸ்டம் எப்பவோ போயிருக்கும், அதோட பெயர் மட்டும் கோட்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். இங்கேயும் அதே கதைதான். இல்லாமப் போன அந்த க்ளிப் என்னன்னு முதல்ல பார்ப்போம்.

கையால அவிழ்க்குற கட்டு

ரேஸ் ஓட்டுறவங்களுக்கு ஒரு அடிப்படைத் தேவை: வேகமா மிதிக்கும்போது கால் வழுக்கக் கூடாது. அதுக்காக வந்தது டோ க்ளிப். பெடலுக்கு முன்னாடி ஒரு கம்பிக் கூண்டு, அதைச் சுத்தி ஒரு தோல் வார். ஷூவோட அடியில பள்ளம் வெச்ச ஒரு தகட்டை ஆணி அடிச்சிருப்பாங்க. அந்தப் பள்ளம் பெடல் விளிம்புல போய் உட்காரும். அப்புறம் வாரை இறுக்கினா கால் அசையாது.

நிக்கணும்னா? குனிஞ்சு, கையால வாரைத் தளர்த்தி, காலைப் பின்னாடி இழுக்கணும். திடீர்னு விழப்போற நேரத்துல அதுக்கெல்லாம் அவகாசம் கிடையாது. சைக்கிளோட சேர்ந்துதான் விழணும். அப்படியும் இந்த ஏற்பாடு பல தலைமுறை ரேஸ் வீரர்களுக்குப் போதுமானதா இருந்துச்சு.

மாற்று யோசனைகள் வராம இல்லை. 1895-லேயே அமெரிக்காவுல சார்லஸ் ஹான்சன்ங்கிறவர், ஷூவைத் திருப்பினா பூட்டிக்கிற, திருப்பினா கழலுற ஒரு பெடலுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். ஆனா அது பரவலை. 1970-களோட தொடக்கத்துல இத்தாலியைச் சேர்ந்த சினெல்லி நிறுவனம் எம்71-னு ஒரு பெடல் கொண்டு வந்துச்சு. கூண்டும் இல்லை, வாரும் இல்லை. ஆனா கழட்டணும்னா பெடல்ல இருக்குற லீவரைக் கையாலதான் தள்ளணும். சைக்கிள்காரங்க அதுக்கு 'சாவுப் பெடல்'னு பட்டப்பெயரே வெச்சுட்டாங்க. பூட்டுறதுக்கு வழி கண்டுபிடிச்சாச்சு, திறக்குறதுக்குத்தான் இல்லை.

பதில் பனிமலையில் இருந்து வந்தது

திறக்குற பிரச்சினையை ஏற்கெனவே தீர்த்து வெச்சிருந்தவங்க ஸ்கீ கம்பெனிகள். பிரான்ஸோட நெவேர் நகர்ல ழான் பெய்ல் தொடங்கின நிறுவனம் லுக். ஸ்கீ பலகையில பூட்ஸைப் பிடிச்சு வெக்கிற பைண்டிங்தான் அவங்க சரக்கு. சாதாரணமா ஓடும்போது கால் கழலக் கூடாது. விழுந்து கால் முறுக்கினா உடனே கழலணும். இந்த ரெண்டையும் ஒரே ஸ்பிரிங்கை வெச்சு சாதிச்சாங்க.

1983-ல பெர்னார் தபிங்கிற தொழிலதிபர் லுக்கை வாங்கினார். அவர்கிட்ட லா வி கிளேர்னு ஒரு சைக்கிள் அணியும் வந்துச்சு. அந்த அணியோட தலைவர் பெர்னார் இனோ. டூர் டி ஃபிரான்ஸை 4 தடவை ஜெயிச்சவர். ஆனா 1983-ல முழங்கால் அறுவை சிகிச்சையால டூருக்கே வர முடியலை. 1984-ல திரும்பி வந்தார். இளைஞர் லோரான் ஃபினியோன் அவரை 10 நிமிஷத்துக்கு மேல வித்தியாசத்துல தோற்கடிச்சார். இனோ கதை முடிஞ்சதுன்னு பேச ஆரம்பிச்சாங்க.

முட்டியில கத்தி பட்ட ஒரு ஆள், தன்னோட கடைசி வாய்ப்புகள்ல, யாரும் பெரிய ரேஸ்ல ஜெயிச்சுக் காட்டாத பெடலை நம்பி இறங்குறார். ஓனரோட கம்பெனி சரக்குங்கிறதும் ஒரு காரணம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனா பெடல் சரியில்லைன்னா போறது இனோவோட கால்.

1985 டூர்ல, செயின்ட் எத்தியென் நகர்ல முடிவுக்கோடு பக்கத்துல நடந்த விபத்துல அவருக்கு மூக்கு உடைஞ்சது. ரத்தம் வடிய ஓட்டி முடிச்சார். மலைகள்ல திணறினார். கடைசியில சக அணி வீரர் கிரெக் லெமாண்டை 1 நிமிஷம் 42 வினாடி வித்தியாசத்துல முந்தி 5-வது டூரை ஜெயிச்சார். ஆன்கெதிலும் மெர்க்ஸும் மட்டுமே அதுவரை தொட்டிருந்த எண்ணிக்கை அது. க்ளிப்லெஸ் பெடல்ல ஜெயிச்ச முதல் டூரும் அதுதான். அடுத்த வருஷம் லெமாண்டும் அதே பெடல்ல ஜெயிச்சார். அதுக்கப்புறம் கூண்டும் வாரும் மெல்ல விலகின. டோ க்ளிப் இல்லாத பெடல், அதனால க்ளிப்லெஸ். பெயர்க் குழப்பம் தீர்ந்துச்சா?

பழகும்போது மனசுல வெக்க வேண்டியது

இதுல எனக்குப் பிடிச்ச டிசைன் முடிவு ஒண்ணு இருக்கு. மிதிக்கும்போது கால் கீழே அழுத்தும், பின்னாடி இழுக்கும், மேலே தூக்கும். ஆனா குதிகால் வெளிப்பக்கமா விசிறாது. மிதிக்கிறதுக்குத் தேவைப்படாத அந்த ஒரு அசைவைத்தான் சாவியா வெச்சாங்க.

புதுசா பழகுறவங்க விழுறதும் இதனாலதான். பெரும்பாலும் அவங்க வேகமா போகும்போது விழுறதில்லை, சிக்னல்ல நிக்கும்போது விழுறாங்க. பதற்றத்துல கால் பழைய பழக்கப்படி நேரா மேலே இழுக்கும். பெடல் நல்லா பிடிச்சு வெக்கிறதும் சரியா அந்தத் திசையிலதான். அதனால புதுசா வலிமை எதுவும் தேவையில்லை, ஒரு அனிச்சைச் செயலை மாத்தி எழுதணும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. பெடல்ல இருக்குற சின்ன ஸ்க்ரூவை ஆலன் கீ வெச்சு முடிஞ்ச அளவு தளர்த்திடுங்க, கழட்டுறது சுலபமாகும். சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு காலை மட்டும் மாட்டி, குதிகாலை வெளியே திருப்பிக் கழட்டுங்க. யோசிக்காம வர்ற வரைக்கும் செய்யுங்க, அப்புறம் அடுத்த கால். ரோட்டுல இறங்கினா, நிக்கிறதுக்கு முன்னாடியே, சைக்கிள் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு காலைக் கழட்டிடுங்க.

முட்டி விஷயத்தையும் விட்டுடாதீங்க. லுக்கோட ஆரம்ப க்ளீட் காலை அசையவிடாம பிடிச்சது. கொஞ்சம் திரும்ப இடம் விடுறது, அதாவது ஃப்ளோட், முட்டிக்கு நல்லதுன்னு பின்னாடி புரிஞ்சது. ழான் பெய்லே அப்புறம் டைம்ங்கிற நிறுவனத்துல அதை முக்கிய அம்சமா வெச்சார். இன்னிக்கு லுக் கியோ க்ளீட்ல கறுப்புன்னா 0 டிகிரி, சாம்பல் 4.5, சிவப்பு 9. ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல்ல சிவப்புதான் 0, நீலம் 2, மஞ்சள் 6. ஒருத்தர்கிட்ட தாராளமா இடம் விடுற சிவப்பு, இன்னொருத்தர்கிட்ட கொஞ்சமும் விடாது. அதனால கலரை மட்டும் கேட்டு வாங்காதீங்க, பிராண்டையும் சேர்த்துப் பாருங்க.

ஆபீஸ், கடைன்னு இறங்கி நடக்கணும்னா 1990-ல மலை சைக்கிளுக்காக ஷிமானோ கொண்டு வந்த எஸ்பிடி இருக்கு. க்ளீட் ஷூவோட அடிக்குள்ளேயே பதுங்கிக்கும், வாத்து மாதிரி நடக்க வேண்டாம்.

நீங்க சுவர்கிட்ட எத்தனை நாள் நின்னீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.