ஊட்டி ரயிலும் உறைபனியும்: ஒரு பழைய படத்தைப் படிப்பது

நண்பர் ஒருவர் வீட்டு ஆல்பத்திலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் காட்டினார். மலை ரயில், ஊட்டிப் பக்கம், தேதி இல்லை. "எந்த மாசம் எடுத்ததுன்னு சொல்ல முடியுங்களா?" என்றார். நான் முதலில் பார்த்தது எஞ்சினை அல்ல, அதற்கு மேலே நிற்கும் வெள்ளையைத்தான்.

அந்த வெள்ளையை எல்லோரும் புகை என்கிறோம். நிலக்கரிப் புகை கறுப்பு. வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து துளிகளான நீராவி. மேட்டுப்பாளையத்து வெயிலில் அது சட்டென்று கரைந்துவிடும். குளிரில் நீண்டு கிடக்கும். அதனால்தான் சீனாவின் ஜிங்பெங் கணவாயில் நீராவி ரயில் ஓடிய கடைசிக் குளிர்காலங்களில், 2005 வரை, உறையவைக்கும் குளிரிலும் உலகெங்கிலுமிருந்து கேமராக்காரர்கள் போய் நின்றார்கள்.

நமக்கு அந்தக் கொடுப்பினை பாதிதான். 1899-ல் குன்னூர் வரை வந்த பாதை 1908-ல் ஊட்டியை எட்டியது. டிசம்பர், ஜனவரி விடியலில் ஊட்டிப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். ஆனால் இப்போது நீராவி எஞ்சின் வழக்கமாகக் குன்னூரோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேலே டீசல். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டி ஊட்டி சேர மதியமாகிவிடும். அதற்குள் பனி உருகிவிடும். பனியும் நீராவியும் ஒரே சட்டத்துக்குள் விழ வழியே இல்லை. டீசலுக்கு முந்தைய படங்களை நான் விடாமல் தேடுவது இதனால்தான்.

ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது. நண்பரின் படத்தில் அது முன்னால் நிற்கிறது, அதனால் வண்டி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டேன்.

ஆனா நீராவியை மட்டும் நம்பி மாசம் சொல்லக்கூடாதுங்க. ஜூலைச் சாரலிலும் அங்கே அதே வெள்ளை வரும். நிழலைப் பார்க்கணும். இந்தப் படத்தில் நிழல் கூர்மை, ஆட்கள் கம்பளியில், தண்டவாள ஓரப் புல் வெளிறியிருக்கிறது. பனிக்கால விடியல் என்றேன். வருஷம் சொல்லவில்லை.

ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னேன். மூலப்படத்தை மட்டும் குளிர்ந்த இடத்திலிருந்து நேராக வெக்கைக்குக் கொண்டுவர வேண்டாம், ஈரம் கோத்துக்கும், பாலிதீன் உறையில் சுற்றி எடுத்துவாங்க என்றேன். பனியில் நின்ற கேமராவுக்கும் அதே வைத்தியம்தான்.