கொடையும் விளம்பரமும்

ஒருவர் செய்த நன்மையை மதிப்பிடும்போது அவருடைய உள்ளத்தையும் சேர்த்து மதிப்பிட வேண்டுமா? அன்றி, விளைந்த நன்மையை மட்டும் கண்டு அமைதல் போதுமா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், மறுமைப் பயனைக் கணக்கிட்டு இம்மையில் கொடுக்கும் வணிகனல்லன் தம் தலைவன் என்று புறநானூற்றில் பெருமிதம் கொள்கிறார். அப்படியானால் கணக்கிட்டுக் கொடுத்தவர்களும் அக்காலத்தில் இருந்தனர் என்பதுதானே பொருள்! அன்றியும், ஆயின் கைம்மாறு கருதாக் கொடையை நமக்கு அறிவித்தவர் யார்? அக்கொடையைப் பெற்ற புலவரே. புலவரின் நாவே அந்நாளைய செய்தித்தாள். விளம்பரம் நாடாத வள்ளலின் பெயரும் விளம்பரத்தால்தான் ஈராயிரம் ஆண்டு கடந்து நம்மை வந்தடைந்திருக்கிறது.

இவ்வினாவை நூல்களிலிருந்து எடுத்து நம் மண்ணில் வைத்துப் பார்க்க விழைகிறேன். அதற்குச் சிங்கையில் வாழ்ந்த மூவரின் வரலாறு பெரிதும் துணைசெய்கிறது. மூவரும் சீனர், மூவரும் பெருஞ்செல்வர். ஆயினும் கொடுத்த முறையில் மூவரும் மூன்று வழியினர்.

முதலாமவர் ஆவ் பூன் ஹாவ். தலைவலி வந்தால் நம் வீட்டுப் பாட்டிமார் நெற்றியில் தடவும் புலி மார்க் தைலத்திற்கு உரியவர். 1882இல் இரங்கூனில் பிறந்தார். சீன மருத்துவரான தந்தையார் அங்கு நிறுவிய சிறு மருந்துக்கடை, 1908இல் அவர் மறைந்தபின் பிள்ளைகளின் பொறுப்பாயிற்று. பூன் ஹாவ் என்னும் பெயரில் புலி இருக்கிறது. தம்பி பூன் பார் பெயரில் சிறுத்தை இருக்கிறது. அண்ணன் தம் பெயரிலிருந்த புலியையே தைலத்திற்குச் சூட்டினார். 1920களில் வாணிகத்தைச் சிங்கைக்கு மாற்றினார். நீல் சாலையில் தொழிற்சாலை எழுந்தது.

விளம்பரக் கலையில் அவரை வெல்ல அந்நாளில் ஆளில்லை. தம் மோட்டார் வண்டியின் முகப்பில் புலித்தலையைப் பொருத்தினார். வண்டியின் உடலெங்கும் புலிவரிகள் தீட்டுவித்தார். ஊதுகுழலை அழுத்தினால் புலி உறுமும்! பிறர் நாளேடுகளுக்கு விளம்பரப் பணம் கட்டுவானேன் என்று எண்ணி, 1929இல் 'சின் சியூ ஜிட் போ' என்னும் நாளேட்டைத் தாமே தொடங்கினார். 1937இல் தம்பிக்காகப் பாசிர் பாஞ்சாங் குன்றில் ஒரு மாளிகை கட்டி, அதைச் சுற்றிச் சிலைகள் நிறைந்த தோட்டம் ஒன்றை அமைத்தார். நரகத்தின் பத்து நீதிமன்றங்களையும், பொய் சொன்னவனுக்கும் பெற்றோரைப் பேணாதவனுக்கும் அங்கு நேரும் தண்டனைகளையும் குழந்தைகள் கண்டு நடுங்கும்படி அங்கே வடித்து வைத்தார். ஏழை எளியவர் எவரும் கட்டணமின்றி உள்ளே சென்று காணலாம். வெளியே வருவோர் நெஞ்சில் இரண்டு பதிந்திருக்கும்: ஒன்று நரகம், மற்றொன்று புலித் தைலம்.

இத்தகையவர் அறம் செய்தபோதும் ஓசையின்றிச் செய்யவில்லை. மருத்துவமனைகள், பள்ளிகள், அநாதை இல்லங்கள், முதியோர் இல்லங்கள் எனப் பல ஊர்களில் வாரி வழங்கினார். சீனாவில் ஆயிரம் தொடக்கப் பள்ளிகள் கட்டுவதாக 1930களில் அறிவித்தார். முந்நூறு அளவில் எழும்பின. அதற்குள் சீன-ஜப்பானியப் போர் மூண்டு பணி நின்றது. செய்தியை வெளியிடத் தம்மிடமே நாளேடுகள் இருக்கையில் கொடைச் செய்திகளுக்குப் பஞ்சம் ஏது? அவர் கொடுத்தது அறமா, அன்றித் தைலத்திற்கான மற்றொரு விளம்பரமா என்று அவர் காலத்திலேயே ஐயுற்றோர் உண்டு. இரண்டும்தான் என்பது என் எண்ணம். அவரும் அதை மறைக்க முயன்றதாகத் தெரியவில்லை. சமுதாயத்திடமிருந்து பெற்றதைச் சமுதாயத்திற்கே திருப்பித் தரவேண்டும் என்ற கொள்கையைப் பறைசாற்றி வாழ்ந்தவர் அவர். பறையைச் சற்று உரக்கவே அறைந்தார்.

அந்த முந்நூறு பள்ளிகளில் ஒன்றில் அமர்ந்து எழுத்தறிந்த ஒரு சிற்றூர்ச் சிறுவனை எண்ணிப் பார்க்கிறேன். தைலம் விற்பதற்காகக் கட்டப்பட்ட பள்ளி என்பதனால் அவன் கற்ற எழுத்து தேய்ந்துவிடுமா? கூரை ஒழுகாத பள்ளியின் அருமை, ஒழுகும் பள்ளியில் பாடம் நடத்தியவனுக்கே தெரியும்.

ஆயினும் இத்துடன் வினா முடிந்துவிடவில்லை. இரண்டாமவரிடம் வருவோம்.

டான் கா கீ 1874இல் சீனாவின் ஜிமெய் என்னும் ஊரில் பிறந்து, 1890இல் சிங்கைக்கு வந்தவர். அன்னாசி, அரிசி, ரப்பர் எனத் தொழில்களில் வளர்ந்து பெருஞ்செல்வரானார். 1913இல் பிறந்த ஊரில் தொடக்கப் பள்ளி அமைத்தார். 1919இல் சிங்கையில் சீன உயர்நிலைப் பள்ளி தோன்ற முன்னின்றார். 1921இல் சியாமென் பல்கலைக்கழகத்தையே நிறுவினார். அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. ஊரின் பெயரே நின்றது. அவரும் விளம்பரத்தின் பயனை அறியாதவரல்லர். 1923இல் அவர் தொடங்கிய 'நன்யாங் சியாங் பாவ்' நாளேடு தம் வாணிகத்திற்கும் உதவ எழுந்ததே. ஆனால் வாணிகத்திற்குக் கொட்டிய முரசை அறத்திற்குக் கொட்டவில்லை.

பெயர் சூட்டாததை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. அவரிடம் நான் வியப்பது வேறொன்று. பல்கலைக்கழகத்தைக் கட்டிக் கொடுத்ததோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. பதினாறு ஆண்டுகள் அதன் நடைமுறைச் செலவைச் சுமந்தார். ஆசிரியர் சம்பளம், விளக்கு, நீர், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு எவரும் கல்வெட்டு வைப்பதில்லை. அவற்றுக்கு நாடா வெட்டும் விழாவும் இல்லை. உலகப் பொருளாதாரச் சரிவில் ரப்பர் விலை வீழ்ந்து, வங்கிகள் நெருக்கியபோதும் பள்ளிகளுக்குக் கொடுப்பதை அவர் நிறுத்த இசையவில்லை. மாளிகையை விற்றும் பல்கலைக்கழகத்தை நடத்தினார். 1934இல் அவருடைய நிறுவனம் மூடப்பட்டது. 1937இல்தான், இனி இயலாது என்ற நிலையில், பல்கலைக்கழகத்தைச் சீன அரசிடம் ஒப்படைத்தார்.

விளம்பரம் கருதிய கொடைக்கும் கருதாத கொடைக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது. புகழை நாடும் கொடை கண்ணுக்குத் தெரிவதையே நாடும். கட்டடம் தரும், கட்டடத்தைப் பெருக்குபவரின் கூலியைத் தராது. எம் பள்ளிகளுக்குக் கணினிகள் வந்தன. மின்கட்டணம் கட்ட எவரும் வரவில்லை. ஆகவே நோக்கம் கொடையைத் தொடுவதேயில்லை என்று சொல்லிவிடவும் இயலாது. எதைக் கொடுப்பது, எவ்வளவு காலம் கொடுப்பது என்பதை நோக்கமே முடிவு செய்கிறது. ஈண்டு ஒன்று கூறியாக வேண்டும். டான் கா கீயைப்போல் வீட்டை விற்றுக் கொடுப்பவருக்காகக் காத்திருந்தால், நம் பள்ளிகளில் பாதிக்கு இன்றும் கூரை இராது.

விளம்பரத்தில் நன்மையும் உண்டு என்பதற்கு அவர் வாழ்விலேயே சான்று கிடைக்கிறது. 1937இல் போர் மூண்டபோது சிங்கைச் சீனர் நிவாரண நிதிக்கு அவர் தலைமை தாங்கினார். சீன நாளேடுகள் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் நிரல்பட வெளியிட்டன. பெருஞ்செல்வருக்கு அது புகழ். பக்கத்துக் கடைக்காரரைவிடக் குறைவாகக் கொடுக்கக் கூடாதே என்ற நாணமும் அதனுள் இருந்தது. ஆனால் சில்லறைக் காசு கொடுத்த ரிக்சா இழுப்பவருக்கு அதுவே பற்றுச்சீட்டு. தாம் கொடுத்தது இடையில் எவர் பைக்கும் போகவில்லை என்பதை அப்பட்டியலைக் கொண்டே அவர் அறிந்தார். மறைவாகக் கொடுப்பது சிறப்பென்று போற்றும் நாம், மறைவாக வாங்குவதன் கேட்டை எண்ணுவதில்லை.

மூன்றாமவர் லீ கோங் சியான், டான் கா கீயின் மருமகன். 1893இல் பிறந்து 1967இல் மறைந்தார். ரப்பரில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு 1952இல் லீ அறநிறுவனத்தை அமைத்தார். இவர் அமைதியானவர். ஆயினும் அமைதியாகக் கொடுப்பவர் எதிர்பார்ப்பின்றிக் கொடுப்பவர் என்று எண்ணிவிடக் கூடாது. 1953இல் சிங்கையில் பொது நூலகம் கட்ட 375,000 வெள்ளி தர முன்வந்தபோது, நிபந்தனையுடனேயே தந்தார். அதுவரை இருந்த ராஃபிள்ஸ் நூலகம் சந்தா கட்டியவர்க்குரியது. ஆங்கில நூல்களே அங்குப் பெரும்பான்மை. புதிய நூலகம் எல்லார்க்கும் கட்டணமின்றித் திறந்திருத்தல் வேண்டும். இம்மண்ணின் மொழிகளிலும் நூல்கள் இருத்தல் வேண்டும் என்பது லீயின் வேண்டுகை. 1957இல் அவரே அடிக்கல் நாட்டினார். 1960இல் ஸ்டாம்ஃபர்டு சாலையில் நூலகம் திறக்கப்பட்டது. சிங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் காசின்றித் தமிழ் நூல் எடுத்துப் படிக்க வழி பிறந்ததில் ஒரு சீன ரப்பர் வணிகரின் நிபந்தனைக்கும் பங்குண்டு. அவர் கேட்ட விலை தமக்கன்று, படிப்பவர்க்கு. அக்கட்டடம் 2004இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. விக்டோரியா தெருவில் எழுந்த புதிய நூலகத்தின் மேற்கோள் பகுதி இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பெயரை நாடாதவரையும் பெயர் தேடி வந்துவிட்டது.

நம்மவரிலும் இத்தகையோர் இலர் அல்லர். சிராங்கூன் சாலை பி. கோவிந்தசாமிப் பிள்ளை வெறுங்கையுடன் கடல் கடந்து வந்து, கடைகள் கண்டு, கோயிலுக்கும் கல்விக்கும் கொடுத்தவர். பெருமாள் கோயில் திருமண மண்டபம் அவர் பெயரின் முதலெழுத்துகளால் இன்றும் வழங்குகிறது. அங்கு மாலை மாற்றிக்கொள்ளும் மணமக்களுக்குச் சுவரிலுள்ள எழுத்து ஒருநாளும் இடையூறு செய்ததில்லை.

சுவரில் பெயர் எழுதுவது வேறு. பெறுபவரின் முகத்தில் பெயர் எழுதுவது வேறு. இதை நான் நூல்களில் கற்கவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளிக்கு ஓர் அன்பர் ஏழை மாணவர்க்குப் புத்தகப்பைகள் வழங்க வந்தார். உடன் நிழற்படக்காரரும் வந்தார். பெயர் அழைக்கப்பட்ட ஒரு சிறுமி மேடையேறிப் பையை வாங்கினாள். படம் சரியாக விழவில்லை என்றார் நிழற்படக்காரர். மீண்டும் வாங்கச் சொன்னார்கள். அவள் தலை கவிழ்ந்தபடி நின்றாள். தலையை நிமிர்த்தச் சொன்னவன் நான்தான். கொடையாளரைக் குறைகூற எனக்கு வாயில்லை; அவர் கேட்டார், நான் இசைந்தேன். மறுநாள் அச்சிறுமி பழைய துணிப்பையுடனேயே பள்ளிக்கு வந்தாள். வகுப்பில் இருபது பேரிடம் ஒரே நிறப் பை இருந்தது. இன்னார் ஏழை என்று நாங்களே முத்திரை குத்தி அனுப்பியிருந்தோம்.

அடுத்த ஆண்டு அவரே மீண்டும் தர முன்வந்தபோது நான் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன். விழா வேண்டாம், பைகள் பல நிறங்களில் இருக்கட்டும், பெற்றோர் மாலையில் வந்து அலுவலகத்தில் பெற்றுச் செல்லட்டும் என்றேன். அவர் முகம் சற்றே வாடியது. பிறகு, தம் கடையின் பெயரைத் தாங்கிய பலகை ஒன்றை மண்டபத்தில் மாட்டலாமா என்று கேட்டார். தாராளமாக மாட்டலாம் என்றேன். வேண்டிய அளவு பெரிதாகவே எழுதச் சொன்னேன். ஆசிரியர்களில் ஒருவர் இதற்காக என்னைக் கடிந்துகொண்டார். பள்ளி மண்டபத்தைக் கடைவீதியாக்கிவிட்டேன் என்றார். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் பலகைக்கு வெட்கம் இல்லை.

இன்று திரைக்கலைஞரும் விளையாட்டு வீரரும் அரிசி மூட்டை கொடுக்கும் காட்சி கைப்பேசிகளில் உடனுக்குடன் வலம் வருகிறது. புலித்தலை வண்டி ஓட்டியவர் இருந்திருந்தால் இதைக் கண்டு பொறாமை கொண்டிருப்பார். கொடுப்பவர் சிரிக்கிறாரே என்று சினப்பவரோடு நான் சேர்வதில்லை. அவர் அருகே மூட்டையைப் பிடித்து நிற்கும் முதியவளின் முகத்தைத்தான் என் கண் தேடுகிறது.

ஆவ் பூன் ஹாவ் 1954இல், அமெரிக்காவில் மருத்துவம் செய்துகொண்டு திரும்பும் வழியில் ஹொனலூலுவில் காலமானார். டான் கா கீ 1961இல் பெய்ஜிங்கில் மறைந்தார். வாழ்ந்த நாளில் இருவரும் ஒத்துப்போனவரல்லர். இருவரின் நாளேடுகளும் ஆண்டுக்கணக்கில் போட்டியிட்டன. 1983இல் அவ்விரு ஏடுகளும் சிங்கையில் இணைந்து ஒரே நாளேடாயின. பாசிர் பாஞ்சாங் குன்றில் சிலைகள் இன்றும் நிற்கின்றன. பொய்யுரைத்தவன் நாக்கைப் பிடுங்கும் பூதத்தைக் கண்டு சிறுவர்கள் இன்றும் தாயின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறார்கள். தோட்டத்திற்குள் செல்லக் கட்டணம் இல்லை.