தசைத் தளர்ச்சியுள்ள கைக்குழந்தைகளின் தசை வலிமையை அளவிடுதல்

தூக்கும்போது கைகளிலிருந்து நழுவுவதுபோல் துவண்டிருக்கும் குழந்தைக்குத் தசைத் தளர்ச்சி உள்ளது எனப்படுகிறது. தளர்ச்சி வேறு, வலிமைக் குறைவு வேறு. ஓய்வில் இருக்கும் தசையின் இயல்பான விறைப்பு குறைவது தளர்ச்சி ஆகும். கைகால்களைப் படுக்கையிலிருந்து மேலே உயர்த்த இயலாமை வலிமைக் குறைவு ஆகும். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தை துவண்டிருந்தாலும் கால்களை உயர்த்தி உதைப்பதுண்டு. முதுகுத்தண்டுவடத் தசைநலிவு நோயிலோ (எஸ்.எம்.ஏ.), முகம் பார்த்துச் சிரிக்கும் குழந்தையின் கால்கள் அசைவின்றிக் கிடக்கக்கூடும். அடுத்து எந்தப் பரிசோதனை தேவை என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

‘இறுகப் பிடி’ என்று கைக்குழந்தையிடம் கூற இயலாது. எனவே மருத்துவர் அதன் அசைவுகளைக் கொண்டே வலிமையைக் கணிக்கிறார். கைகளைப் பற்றி மெல்ல எழுப்பும்போது தலை பின்னால் தொங்குகிறதா, அக்குளில் தாங்கித் தூக்கினால் நழுவுகிறதா எனப் பார்ப்பார். எஸ்.எம்.ஏ. நோயில் ‘சாப் இன்டெண்ட்’ என்னும் அளவுகோல் பயன்படுகிறது. இதில் 16 செயல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 64 மதிப்பெண்கள். ஒருமுறை பெற்ற எண்ணைவிட, சில மாதங்களில் அது உயர்கிறதா, குறைகிறதா என்பதே முக்கியமானது.

சோர்வு, பசி, குளிர், அழுகை ஆகியவை மதிப்பெண்ணைக் குறைத்துக் காட்டும். கொல்லிமலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாமக்கல் வரும் குழந்தையை இறங்கியவுடன் சோதித்தால் உண்மையான வலிமை தெரியாது. பால் குடித்து, உறங்கி விழித்த பின் சோதிக்குமாறு கேட்கலாம். அதில் தயக்கம் வேண்டாம். குழந்தை காலை உதைப்பதை வீட்டிலேயே கைபேசியில் பதிவு செய்து கொண்டு வருவதும் உதவும். தூளியில் கைகால்கள் ஒடுங்கியிருக்கும். ஆகையால் பாயில் மல்லாத்திப் படுக்க வைத்துப் பதிவு செய்யவும்.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. எனினும், நான்கு மாதம் கடந்தும் தலை நிற்கவில்லை எனில் அக்குழுவின் வருகைக்குக் காத்திராமல் கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவிக்கவும். ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவது எஸ்.எம்.ஏ. நோயில் பேரிழப்பாகும், அழிந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை, மருந்தோ முன்னதாகத் தொடங்கினால்தான் மிகுந்த பயன் தரும்.

மூச்சு விடும்போது மார்பு உள்வாங்கி வயிறு மட்டும் எழும்பினாலோ, அழுகுரல் நலிந்தாலோ, பால் அடிக்கடி புரையேறினாலோ அளவீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 108 ஆம்புலன்சை அழைக்கவும்.