இருளில் மிதந்த வீடு

வீட்டைத் தன்னுடன் கொண்டு செல்பவன் விளக்கையும் தன்னுடன் கொண்டு செல்லவேண்டும். படுக்கையும் சமையலறையும் அமைந்த மோட்டார் வண்டிகளில் நாடு சுற்றுவோர் இதனை நன்கு அறிவர். வீதியோரத்து மின்கம்பம் அவர்களுக்குத் துணையன்று. வண்டியிலுள்ள பற்றறியே துணை. அது ஓய்ந்துவிடின், கோளாறு எங்கே உள்ளது என்பதை இருட்டிலேயே தேடவேண்டும். 1985ஆம் ஆண்டில், பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த நடமாடும் வீடு ஒன்றிலே இத்தகைய இருள் சூழ்ந்தது. இருவர் அங்கே சென்று அதனை நீக்கிய வரலாறு நேயர்கள் அறிந்திருக்கவேண்டிய ஒன்றாகும்.

அவ்வீட்டின் பெயர் சல்யூற் 7. சோவியத் ஒன்றியம் அதனை 1982ஆம் ஆண்டு ஏப்ரில் 19ஆம் திகதி விண்ணில் ஏவியது. அதன் சூரியத் தகடுகள் வெயிலை மின்சாரமாக்கி எட்டுப் பற்றறிகளுக்கு ஊட்டின. நிலையம் பூமியின் நிழலுக்குள் புகும்போது அப்பற்றறிகளே அதற்கு உயிர் அளித்தன. 1985 பெப்ரவரி 11ஆம் திகதி நிலையத்தின் வானொலித் தொடர்பு அறுந்தது. அப்பொழுது அதனுள் எவரும் இருக்கவில்லை. அதன்பின் உள்ளே என்ன நிகழ்ந்தது என்பதைப் பூமியிலிருந்து அறிய வழியில்லாது போயிற்று.

அதனைக் கைவிடுவதா, மீட்பதா என்ற கேள்வி எழுந்தது. மீட்பதென்றே முடிவாயிற்று. ஜூன் 6ஆம் திகதி விளாடிமிர் ஜானிபெக்கொவ், விக்ரர் சவினிக் என்னும் இருவர் சோயுஸ் ரி-13 கலத்தில் புறப்பட்டனர். வழக்கமாக நிலையமும் கலமும் சமிக்ஞைகளைப் பரிமாறித் தாமாகவே நெருங்கும். இங்கோ அழைத்தாலும் மறுமொழி இல்லை. 1982இல் இதே நிலையத்துடன் கையால் இயக்கிக் கலத்தை இணைத்த அனுபவம் ஜானிபெக்கொவுக்கு இருந்தது. லேசர் தூரமானியின் துணையுடன் ஜூன் 8ஆம் திகதி அவர் மீண்டும் அதனைச் செய்து முடித்தார். நெருங்கும்போதே ஓர் உண்மை புலனாயிற்று. சூரியத் தகடுகள் ஒரே திசையை நோக்காமல் வெவ்வேறு கோணங்களில் திரும்பி நின்றன. அவற்றைச் சூரியனை நோக்கித் திருப்பும் பொறி இயங்கவில்லை. ஆகவே நிலையத்தில் மின்சாரமே இல்லை.

கதவைத் திறந்து உட்புகுந்தவர்களை இருளும் கடுங்குளிரும் எதிர்கொண்டன. கம்பளித் தொப்பி அணிந்து, கைவிளக்கு ஒளியில் அவர்கள் வேலை செய்தனர். குடிநீர் உறைந்து கிடந்தது. கொண்டு சென்ற நீரோ சில நாட்களுக்கே போதுமானது. விசிறிகள் ஓடாமையால், விட்ட மூச்சு முகத்தருகிலேயே தேங்கித் தலைவலியை உண்டாக்கிற்று.

சோயுஸ் கலத்தின் மின்சாரத்தை நிலையத்துக்குக் கொடுத்தாலென்ன என்று கேட்கத் தோன்றும். நிலையத்தில் எங்கேனும் குறுஞ்சுற்று இருந்திருப்பின், திரும்பிச் செல்லவேண்டிய கலமும் பழுதுற்றிருக்கும். ஆகவே அவ்வழி விலக்கப்பட்டது. பற்றறிகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. இரண்டு முற்றாகக் கெட்டிருந்தன; ஏனைய ஆறும் வெறுமையாகிக் கிடந்தனவேயன்றிக் கெடவில்லை. ஆயினும் ஒரு சிக்கல் இருந்தது. தகடுகளையும் பற்றறிகளையும் இணைக்கும் ஆளியை இயக்குவதற்கே மின்சாரம் வேண்டும். திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியது போன்ற நிலை அது. எனவே அவ்வாளியைத் தவிர்த்து, தகடுகளிலிருந்து வரும் கம்பிகளை அவர்கள் நேரே பற்றறிகளுடன் இணைத்தனர். பின்னர் சோயுஸின் பொறிகளால் நிலையம் முழுவதையும் திருப்பித் தகடுகளில் வெயில் படச் செய்தனர். பற்றறிகள் சிறிது சிறிதாக நிரம்பின. விளக்குகள் எரிந்தன.

இவ்வளவு துன்பத்துக்கும் காரணம் யாது? பற்றறியின் நிறைவை அறிந்து கூறும் ஒரு சிறு கருவி பழுதுற்று, நிரம்பாத பற்றறியை நிரம்பிவிட்டதாக அறிவித்தது. அதனை நம்பிய தன்னியக்கப் பொறி மின்னூட்டத்தைத் துண்டித்தது. கதிரவன் நாள்தோறும் காய்ந்தான், தகடுகளும் பழுதுறவில்லை, எனினும் பொய்ச் செய்தி ஒன்று வீட்டைப் பட்டினி போட்டது. வானொலித் தொடர்பு இருந்திருப்பின் பூமியில் உள்ளவர்கள் அப்பிழையைக் கண்டு திருத்தியிருப்பர். தனித்தனியே தாங்கக்கூடிய இரு கோளாறுகள் ஒன்றுசேர்ந்ததே பேரிடராயிற்று.

குளிர் நீங்கியதும் உறைந்திருந்த ஈரம் உருகிச் சுவர்களெங்கும் நீராகப் படிந்தது. அதனைத் துடைத்துலர்த்துவதும் அவர்களது பணியாயிற்று. ஜூன் 23ஆம் திகதி சரக்குக் கலம் ஒன்று நீரும் உபகரணங்களும் கொண்டுவந்தது. செப்டெம்பரில் அடுத்த குழுவினர் வந்துசேர்ந்தனர். 1986இலும் மனிதர் சென்று வாழ்ந்த அந்நிலையம், 1991 பெப்ரவரி 7ஆம் திகதி ஆர்ஜென்ரீனாவின் மேலாக எரிந்து வீழ்ந்தது.

விளக்கு அணைந்தவுடன் விளக்கைப் பழிப்பது மனித இயல்பு. அவ்விருவரோ வெயிலிலிருந்து தகடு, தகட்டிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து பற்றறி என மின்சாரம் வரும் வழியைப் படிப்படியாகத் தொடர்ந்தனர். எது கெட்டது, எது கெடவில்லை என்பதைச் சோதித்த பின்னரே கைவைத்தனர். நடமாடும் சிறு வண்டியாயினும், விண்ணில் மிதக்கும் நிலையமாயினும், இருளை நீக்கும் முறை அதுவே.