தூம்பு

உள்ளே துளையுள்ள நீண்ட பொருள் தூம்பு. மூங்கில் குழல், இசைக்கருவி, யானையின் துதிக்கைத் துளை என்று சங்கப் பாடல்களிலேயே இச்சொல் பலவற்றைச் சுட்டுகிறது. பிறகு ஏரி மதகுக்கும் வந்தது. அத்தகைய மதகான குமிழித்தூம்பில், அடைப்புக் கல்லைத் தூக்கினால் நீரோடித் துளை வழியே தண்ணீர் இறங்கும். கீழே உள்ள சேறோடித் துளை வண்டலை இழுத்துக்கொண்டு போகும். அந்த அடைப்புக் கல் அசல் வால்வேதான்!

இன்றைய நீர்மின் நிலையத்திலும் தூம்பைக் காணலாம். நீலகிரியின் அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் நீர் சுரங்கத்திலும் இரும்புக் குழாயிலும் இறங்கிக் குந்தா மின்நிலையத்தை அடைகிறது. அங்குள்ள பெல்டன் சக்கரம் என்ற நீர்ச்சுழலியை, நாசில் எனப்படும் குழாய்முனையிலிருந்து பீறிடும் நீர் சுழற்றுகிறது. நாசிலுக்குத் ‘தூம்புவாய்’ என்ற பெயர் நன்றாகப் பொருந்தும். அதனுள் இருக்கும் ஊசி முன்னே நகர்ந்தால் தாரை மெலியும், பின்வாங்கினால் பருக்கும்.