கிளஸ்டரில் தரவுத்தளம்: வட்டிலிருந்து நினைவகத்துக்கு

ஒரு கணினியின் வேகம் போதாதபோது, பல கணினிகளை இணைத்து அவற்றில் ஒரே தரவுத்தளத்தை இயக்கும் முறை பரவலாகக் காரணமானது வாக்ஸ்கிளஸ்டர். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1983இல் இதை அறிவித்தது. வினாடிக்கு 70 மெகாபிட் வேகமுள்ள வடத்தின் வழியே கணினிகளும் வட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஒரு மையப் பெட்டியில் இணைந்தன. வட்டுகள் எல்லாவற்றுக்கும் பொது. நினைவகம் மட்டும் தனித்தனி. அடுத்த இருபது ஆண்டுச் சிக்கலுக்கு வேர் இந்தப் பிரிவினைதான்.

தரவுத்தளம் தனக்கு வேண்டிய பிளாக்கை, அதாவது தரவின் ஒரு துண்டை, வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்யும். ஒரு வங்கிக் கணக்கின் இருப்பை முதல் கணினி தன் நினைவகத்தில் மாற்றியிருக்கும் நேரத்தில், இரண்டாவது கணினி வட்டில் கிடக்கும் பழைய இருப்பைப் படித்துவிட்டால் கணக்கே பாழ். இதைத் தடுத்தது வாக்ஸ் கணினிகளின் விஎம்எஸ் இயங்குதளத்திலிருந்த பூட்டு மேலாளர். பூட்டுக்கு ஆறு நிலைகள். ஒவ்வொரு வளத்தின் பூட்டோடும் 16 பைட் அளவுள்ள சிறு இடம். அந்த 16 பைட்டுக்குள் பதிப்பு எண்ணை எழுதிவைத்தால், பூட்டைப் பெறும் கணினி தன்னிடமுள்ள நகல் பழையதா என்பதை வட்டைத் தொடாமலே அறிந்துகொள்ளும். இவ்வளவு சிறிய ஏற்பாடு இவ்வளவு பெரிய பிரச்சினையைத் தீர்த்தது வியப்புக்குரியது. லினக்ஸின் பூட்டு மேலாளரிலும் இதே ஆறு நிலைகள் இருக்கின்றன.

நகல் பழையது என்று தெரிந்த பிறகு புதியதைப் பெறுவதில்தான் தொல்லை. ஆரக்கிள் நிறுவனத்தின் கிளஸ்டர் தரவுத்தளமான பேரலல் சர்வரில், முதல் கணினி தான் மாற்றிய பிளாக்கை வட்டில் எழுதி, பூட்டை விட்டுக்கொடுக்கும்; அதன் பிறகே இரண்டாவது கணினி அதைப் படிக்க முடியும். நிர்வாகிகள் இதைப் ‘பிங்’ என்றார்கள். இரு கணினிகள் ஒரே பிளாக்குக்குப் போட்டியிட்டால் வட்டு ஓயாமல் ஓடும்; கணினியைக் கூட்டக் கூட்ட வேகம் குறைவதும் உண்டு. தப்பிக்க, இந்த வங்கிக் கிளையின் வேலை இந்தக் கணினிக்கு என்று பயன்பாட்டையே பிரித்து எழுத வேண்டியிருந்தது. தரவுத்தளம் சுமக்க வேண்டிய பாரம் நிரல் எழுதுபவர் தலையில் விழுந்தது.

எதையும் பொதுவில் வைக்காமல் தரவைக் கணினிகளுக்குப் பங்கிட்டுவிடுவதே மேல் என்று பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் வாதிட்டார். டெராடேட்டா நிறுவனம் அந்த வழியில் ஏற்கெனவே வெற்றி கண்டிருந்தது. பெருந்தரவை அலசும் கேள்விகளுக்கு அவர் வாதம் பொருந்தும். ஆனால் எந்த வாடிக்கையாளரும் எந்தக் கணக்கையும் தொடக்கூடிய பரிவர்த்தனைகளில் தரவு அவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை.

1994இல் ஐபிஎம் தன் மெயின்ஃபிரேம்களுக்காக அறிவித்த பேரலல் சிஸ்பிளக்ஸ் இதற்கு வேறு விடை தந்தது. பூட்டுகளையும் மாறிய பிளாக்குகளையும் வைத்துக்கொள்ளவே தனி நினைவகம் கொண்ட ஒரு பொது அலகு, ‘கப்ளிங் ஃபெசிலிட்டி’ என்ற பெயரில் வந்தது. ஒரு கணினி பிளாக்கை மாற்றினால், அதன் நகலை வைத்திருக்கும் மற்றக் கணினியின் நினைவகத்தில் ஒரு பிட்டை இந்த அலகே மாற்றிவிடும். அந்தக் கணினியின் செயலி தன் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. நகலைப் பயன்படுத்தப்போகும் நேரத்தில் அந்த பிட்டைப் பார்த்தால் போதும். ஐபிஎம்மின் தரவுத்தளமான டிபி2 இதன்மேல் 1995இல் ஓடத் தொடங்கியது.

ஆரக்கிள் தனி அலகு எதையும் வைக்கவில்லை. 8ஐ பதிப்பில் படிப்பதற்கான பிளாக்குகளும், 2001இல் வந்த 9ஐ பதிப்பில் மாற்றப்பட்ட பிளாக்குகளும் வலையமைப்பு வழியே நேரடியாக ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து மற்றதற்குச் சென்றன. ‘கேஷ் ஃப்யூஷன்’ எனப்பட்ட இந்த முறையால், பிளாக்கைக் கைமாற்ற வட்டுக்குப் போய்வர வேண்டிய அவசியம் ஒழிந்தது. ஐபிஎம் தன் மெயின்ஃபிரேம் முறையை 2009இல் பியூர்ஸ்கேல் என்ற பெயரில் யூனிக்ஸ் கணினிகளுக்கும் கொண்டுவந்தது.