மூளைநீருக்கு மாற்றுவழி

மூளைக்குள் நான்கு அறைகள் உள்ளன. அவற்றில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்ப் பின்னல்கள், ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைச் சுரந்தபடியே இருக்கின்றன. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் சுரக்கிறது. ஆனால் மூளையிலும் தண்டுவடத்தைச் சுற்றியும் ஒரு நேரத்தில் தங்குவது ஏறத்தாழ 150 மில்லிதான். ஆக, ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் பழைய நீர் போய்ப் புது நீர் வருகிறது. மூன்றாம் அறையிலிருந்து நான்காம் அறைக்கு அது இறங்கும் கால்வாய் ஓரிரு மில்லிமீட்டர் அகலமே கொண்டது. அதைக் கடந்து வெளியே வரும் நீர், மூளையின் மேற்பரப்பில் பரவிக் கடைசியில் ரத்தத்திலேயே கலந்துவிடும். 1764-ல் இத்தாலிய மருத்துவர் தொமெனிகோ கொதுஞ்ஞோ இந்நீரைப் பற்றி விரிவாக எழுதினார்.

வழி எங்கே அடைபட்டாலும் சுரப்பு மட்டும் நிற்பதில்லை. அறைகள் விரிந்து மூளையை நெருக்குகின்றன. உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்குத் தலை பெருக்கும், கண்பாவை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். பெரியவர்களின் மண்டையோட்டுக்கு விரிய வழியில்லை. அதனால் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், முடிவில் நினைவிழப்பு. தலையில் நீர் கோத்துவிட்டது என்று வீடுகளில் சொல்லப்படுவது இந்த நிலைதான்.

பிறவிக் கோளாறு, கட்டி, ரத்தக்கசிவு என்று காரணங்கள் பல. இந்தியாவில் இவற்றோடு காசநோயையும் முன்வரிசையில் வைக்க வேண்டும். கோவை காந்திபுரத்தில் ஈரோட்டுக்குப் பஸ் ஏறினால் வழியில் வரும் பெருந்துறையில், காசநோயாளிகளுக்கென எழுந்த மருத்துவமனை இருந்த இடத்தை ‘சானடோரியம்’ என்றே இன்றும் சொல்கிறார்கள். அங்கே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நுரையீரல் காசநோய்க்கு அப்படித் தனி வளாகம், நல்ல காற்று, ஓய்வு எல்லாம் கிடைத்தன. அதே கிருமி மூளை உறையைப் பிடித்தால் காற்றும் ஓய்வும் எதற்கும் உதவவில்லை. மூளையின் அடிப்பரப்பில் பிசுபிசுப்பான கசிவு படிந்து நீரின் வழியை அடைத்துவிடும். ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முன் இந்நோய் கண்டவர்கள் பிழைத்தது மிக அரிது. மருந்து வந்த பிறகும், கிருமி அழிந்தாலும் தேங்கிய நீர் ஆளைக் கொன்றது.

நீரை வெளியேற்றுவது அவ்வளவு கடினமல்ல. 1891-ல் ஜெர்மனியின் குவிங்கே முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்துக் காட்டினார். அமெரிக்காவின் மிக்ஸ்டர் 1923-ல், சிறுநீர்ப்பாதையைப் பார்க்கும் கருவியை ஒரு குழந்தையின் மூளைக்குள் செலுத்தி, மூன்றாம் அறையின் தரையில் துளையிட்டார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது: நீர் ஒரே திசையில், அளவோடு, ஆண்டுக்கணக்கில் போக வேண்டும். குறைவாகப் போனால் அழுத்தம் ஏறும். கூடுதலாகப் போனால் மூளை சுருங்கி ரத்தக்கசிவு வரும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர் மருத்துவரே அல்ல. பூட்டுத் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை செய்த ஜான் ஹோல்டர், நீர் கோத்த தலையோடு 1955-ல் பிறந்த தன் மகனுக்காக, சிலிக்கோனில் நுண்ணிய கீறல் கொண்ட வால்வு ஒன்றைச் செய்தார். உள்ளே அழுத்தம் ஏறினால் கீறல் திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். 1956-ல் அறுவை மருத்துவர் யூஜீன் ஸ்பிட்ஸ் அதை நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கினார். ஹோல்டரின் மகன் சில ஆண்டுகளில் இறந்துபோனான். வால்வு உலகெங்கும் போனது.

இன்றைய ‘ஷன்ட்’ அந்த வழியில் வந்தது. காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூளை அறைக்குள் மெல்லிய குழாயை இறக்குகிறார்கள். அது வால்வோடு இணைகிறது. வால்விலிருந்து இன்னொரு குழாய் கழுத்து, மார்புத் தோலுக்கு அடியில் ஓடி வயிற்றறையில் முடிகிறது. குழந்தை உயரமாக வளரும் என்பதால் வயிற்றில் கூடுதல் நீளத்தைச் சுருட்டி விடுவார்கள். வெளியே எதுவும் தெரியாது. காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தால் சிறு மேடு தட்டுப்படும், அவ்வளவுதான்.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கினார். வேலூர் இந்தக் கதைக்குத் தந்தது புதுக் கருவி அல்ல, ஒரு கணக்கு. 1975-க்கும் 1986-க்கும் இடையே, மூளை உறைக் காசநோயால் நீர் கோத்து ஷன்ட் வைக்கப்பட்ட 114 பேரைப் பாலூர், ராஜசேகர் உள்ளிட்ட மருத்துவர்கள் பின்தொடர்ந்து, 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருந்தார்கள். நினைவு தெளிவாக, நரம்புக் குறைபாடு இல்லாத முதல் நிலையில் இறந்தவர்கள் 20 சதவீதம். நினைவு தெளிவாக இருந்தும் குறைபாடு தெரிந்த இரண்டாம் நிலையில் 34.7. நினைவு மங்கத் தொடங்கிய மூன்றாம் நிலையில் 51.9. ஆழ்ந்த மயக்கத்தில் வந்த நான்காம் நிலையில் ஒருவரும் பிழைக்கவில்லை. முதல் இரு நிலைகளில் தாமதமின்றி ஷன்ட் வைக்க வேண்டும், நான்காம் நிலையில் முதலில் நீரைத் தற்காலிகமாக வெளியே வடித்து, ஓரிரு நாளில் தேறினால் மட்டுமே ஷன்ட் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். இந்த நிலைப் பிரிவை உலக மருத்துவ இலக்கியம் பாலூர் பெயராலும் வேலூர் பெயராலும் வழங்குகிறது. கருவி கண்டவர்களுக்குக் கிடைத்த புகழ் இந்தக் கணக்குக்குக் கிடைக்கவில்லை. ஆனால் யாருக்கு, எப்போது என்ற கேள்விக்கு விடை சொன்னது இதுதான்.

மிச்சமிருந்தது விலை. டெல்லி எய்ம்ஸின் குழந்தை அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் உபாத்யாய உள்நாட்டு வால்வு ஒன்றை உருவாக்கினார். உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரிலிருந்து சாப்ரா ஷன்ட் வந்தது. உகாண்டாவில் அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டு, சுமார் 35 டாலர் சாப்ராவும் 650 டாலர் வெளிநாட்டு ஷன்டும் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே பலன் தந்ததாக 2005-ல் அறிவித்தார்.

விலை எதுவானாலும் ஷன்ட் அடைபடும், கிருமி தொற்றும். குழந்தைகளுக்கு வைத்தவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு முதல் ஆண்டிலேயே பழுதாகின்றன. ஷன்ட் உள்ளவருக்கு மீண்டும் தலைவலி, வாந்தி, அசாதாரணத் தூக்கம் வந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஷன்ட் அறுவைக்கும் இடமுண்டு.